நாஷ்வில் வாங்கியது பாட்டை, வேண்டாம் என்றது குரலை

அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன் பாடுவதை முதல் தடவை கேட்டபோது இந்த மனிதர் தாளத்தைக் கோட்டை விடுகிறார் என்றுதான் நினைத்தேன். டிரம்ஸ் ஒரு இடத்தில் விழுகிறது, வரி அதற்குக் கொஞ்சம் பின்னால் சாவகாசமாக வந்து சேர்கிறது, அடுத்த வரி அவசரப்பட்டு முன்னாலேயே ஓடிவிடுகிறது, ஆனால் சுற்று முடிகிற இடத்தில் பார்த்தால் ஆள் சரியாக அங்கே வந்து நிற்கிறார். பாட்டுப் பாடுகிற மாதிரியே இருக்காது. எதிரில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும், அந்தப் பேச்சுக்கு ராகம் தானாக ஒட்டிக்கொண்ட மாதிரி. நான் தப்பு என்று நினைத்த இதே விஷயத்தைத்தான் அமெரிக்க ரெக்கார்டு கம்பெனிகளும் ஏறக்குறைய 15 வருஷம் தப்பு என்று நினைத்தன. அவருடைய முழு வாழ்க்கையும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் நகர்ந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

கன்ட்ரி என்ற அமெரிக்கக் கிராமத்து இசை பற்றி ஓரளவு தெரிந்தவர்களுக்கும் ஒரு விஷயம் குழப்பமாக இருக்கும். 1961லேயே அமெரிக்கா முழுக்க வானொலியில் ஓடிய பாட்டுகளை எழுதியவர் இவர். ஆனால் பாடகராக அவருக்கு முதல் நம்பர் ஒன் பாட்டு கிடைத்தது 1975ல், 42 வயதில். அந்தப் பாட்டும் அவர் எழுதியதில்லை! நடுவில் அந்த 14 வருஷம் என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று பார்த்தால், ஒரு மனிதரின் கதையோடு சேர்ந்து ஒரு ஊரின் தொழில் எப்படி ஓடியது என்பதும் புரியும்.

டெக்சாஸில் அப்பட் என்று ஒரு சின்ன ஊர், சில நூறு பேர் மட்டும் இருந்த பருத்திக்காட்டு ஊர். அங்கே 1933 ஏப்ரலில் பிறந்தார். பிறந்து கொஞ்ச நாளில் அம்மா போய்விட்டார், அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டார், வில்லியையும் இரண்டு வயது மூத்த அக்கா பாபியையும் தாத்தா பாட்டிதான் வளர்த்தார்கள். இருவருக்கும் இசை தெரியும். தாத்தா பேரனுக்கு 6 வயதில் கிட்டார் வாங்கிக் கொடுத்தார், பேத்தி பியானோ கற்றுக்கொண்டாள். பள்ளிக்கூடம் போன நேரம் போக மீதி நேரம் பருத்தி எடுப்பு. அந்த வட்டாரத்தில் செக் நாட்டிலிருந்து குடியேறியவர்கள் நிறைய, அவர்களுடைய போல்கா நடனத்துக்கு வாசிக்கும் ஒரு குடும்ப பேண்டில் பையன் கிட்டார் வாசிக்கப் போனான். மதுவும் நடனமும் உள்ள இடத்துக்குச் சின்னப் பையன் போவது பாட்டிக்குப் பிடிக்கவில்லை, ஆனால் நாள் முழுக்க வெயிலில் பருத்தி எடுத்தால் கிடைப்பதைவிட ஒரு ராத்திரி வாசிப்புக்கு அதிகம் கிடைத்தது. வீட்டு ரேடியோவில் பாப் வில்ஸின் டெக்சாஸ் ஸ்விங் வரும், ஃபிராங்க் சினாட்ரா வருவார். பின்னாளில் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜிப்ஸி ஜாஸ் கிட்டார் கலைஞரும் அவருக்குள் புகுந்துகொண்டார். கன்ட்ரி பாடகர் என்று முத்திரை குத்தப்பட்டவருக்குள் ஜாஸும் போல்காவும் தேவாலயப் பாட்டும் சின்ன வயதிலேயே கலந்து கிடந்தன என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்து வருவதற்கு எல்லாம் இதுதான் அடிப்படை.

விமானப்படையில் சேர்ந்தார், முதுகுவலியால் ஒரு வருஷம்கூட முடியாமல் வெளியே வந்தார். பேலர் பல்கலைக்கழகத்தில் கொஞ்ச காலம் படித்துவிட்டு விட்டுவிட்டார். பைபிள் விற்றார், கலைக்களஞ்சியம் விற்றார், வேக்யூம் கிளீனர் விற்றார், எல்லாம் வீடு வீடாகப் போய்க் கதவு தட்டி. ஒவ்வொரு ஊராக ரேடியோ அறிவிப்பாளர் வேலை பார்த்தார். 1956ல் வாஷிங்டன் மாநிலத்து வான்கூவரில் ரேடியோ வேலையில் இருந்தபோது சொந்தச் செலவில் ஒரு ரெக்கார்டு போட்டு, தன் நிகழ்ச்சியிலேயே அறிவித்து விற்றுப் பார்த்தார். அப்புறம் ஹூஸ்டன். கல்யாணம் ஆகி, பிள்ளைகள் இருந்து, வாடகைக்குக் காசில்லாத காலம் அது. அங்கேதான் 'ஃபேமிலி பைபிள்' என்ற பாட்டை 50 டாலருக்கு விற்றார். வாங்கியவர் பால் பஸ்கிர்க், இவருக்குக் கிட்டார் ஆசிரியர் வேலை கொடுத்து உதவிய இசைக்கலைஞர். அதே பஸ்கிர்க்கிடம் 'நைட் லைஃப்' பாட்டும் 150 டாலருக்குப் போனது. ஹூஸ்டனில் அவரை வைத்து ரெக்கார்டு போட்டுக்கொண்டிருந்த கம்பெனி இது கன்ட்ரி பாட்டே இல்லை என்று 'நைட் லைஃபை' ஒதுக்கிவிட்டது, அதனால் ஒப்பந்தச் சிக்கல் வராமலிருக்க 'ஹ்யூ நெல்சன்' என்ற பெயரில் அதைப் பாடி வெளியிட்டார்கள். ஹ்யூ அவருடைய நடுப்பெயர். பிறகு எத்தனையோ பாடகர்கள் பாடித் தீர்த்த பாட்டு அது.

அதே ஊரில் லாரி பட்லர் என்று ஒரு பேண்ட் தலைவர் இருந்தார். அவரிடமும் வில்லி பாட்டுகளை எடுத்துக்கொண்டு போய் ஒன்று 10 டாலர் என்று விலை சொன்னார். பட்லர் கேட்டுப் பார்த்துவிட்டு, இவ்வளவு நல்ல பாட்டுகளை இந்த விலைக்கு விற்காதே என்று சொல்லி, 50 டாலர் கடனும் கொடுத்து, தன் பேண்டில் வேலையும் கொடுத்தார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த மனிதர்களில் அவர் ஒருவர்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, பாட்டை விற்பது என்றால் என்ன என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் பணம் எந்த வழியாக ஓடுகிறது என்று தெரியாவிட்டால் மீதிக் கதை புரியாது. அமெரிக்காவில் ஒரு ரெக்கார்டு விற்றால் அதில் உள்ள பாட்டை எழுதியவருக்கும் பாட்டின் உரிமையைக் கையாளும் பப்ளிஷிங் கம்பெனிக்கும் சட்டப்படி ஒரு தொகை போகும். 1909லிருந்து 1977 முடியும்வரை அது ஒரு பாட்டுக்கு 2 சென்ட். பெரும்பாலும் ஆளுக்குப் பாதி. கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் லட்சக்கணக்கில் விற்கும்போது அது வீடு வாங்கும் பணம். இதற்கு மேல், ரேடியோவில் பாட்டு ஒலிபரப்பாகும்போது எழுதியவருக்கும் பப்ளிஷருக்கும் பணம் வரும். பாடியவருக்கு அமெரிக்காவின் வழக்கமான ஏஎம், எஃப்எம் ரேடியோவிலிருந்து ஒரு சென்ட்கூட வராது, இன்றுவரைக்கும் அப்படித்தான். அதாவது பாடகர் மேடையில் நின்று சம்பாதிக்க வேண்டும், எழுதியவர் தூங்கும்போதும் சம்பாதிக்கலாம். 50 டாலருக்குப் பாட்டை மொத்தமாக எழுதிக் கொடுப்பவர் அந்த நாளின் வாடகைக்காக இந்த வாழ்நாள் வருமானத்தை விடுகிறார். 'ஃபேமிலி பைபிளை' 1960ல் க்ளாட் கிரே பாடி அது கன்ட்ரி பட்டியலில் முதல் பத்துக்குள் வந்தது, ரெக்கார்டில் வில்லியின் பெயர் இல்லை. அவர் அதற்காகப் பெரிதாகப் புலம்பவும் இல்லை. அந்த 50 டாலர் அப்போது வேண்டியிருந்தது, அதோடு தன் பாட்டு ஓடும் என்பதற்கு ஒரு சாட்சியும் கிடைத்தது, அது போதும் என்று கிளம்பிவிட்டார்.

கிளம்பிய இடம் நாஷ்வில், 1960. கன்ட்ரி இசைக்கு அந்த ஊர்தான் சந்தை. கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற கன்ட்ரி வானொலி மேடை நிகழ்ச்சி அப்போது நடந்துகொண்டிருந்த ரைமன் அரங்கத்தின் பின்வாசலை அடுத்து டூட்ஸிஸ் ஆர்கிட் லவுஞ்ச் என்ற மதுக்கடை, மேடையில் பாடுபவர்கள் இடைவேளையில் அங்கே வந்து உட்காருவார்கள், பாட்டு எழுதுகிறவர்கள் அவர்களைப் பிடிக்க அங்கேயே கிடப்பார்கள். ஹாங்க் காக்ரன் என்ற பாட்டெழுத்தாளர் அங்கேதான் வில்லியைக் கேட்டார். காக்ரன் வேலை பார்த்தது பாம்பர் மியூசிக் என்ற பப்ளிஷிங் கம்பெனியில், பாடகர் ரே பிரைஸ் அதில் பங்குதாரர். தனக்கு வரவேண்டிய வாரம் 50 டாலர் சம்பள உயர்வை விட்டுக்கொடுத்து, அந்தப் பணத்தில் இந்தப் புது ஆளை வேலைக்கு எடுங்கள் என்று காக்ரன் சொன்னார். ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளிக்குச் செய்யக்கூடிய உதவி இதைவிடப் பெரிதாக எனக்குத் தெரியவில்லை. ஊருக்கு வெளியே, சாமான் போடும் அறை மாதிரியான ஓர் அறையில் உட்கார்ந்து எழுதினார்கள். ஒருநாள் காக்ரன் தொலைபேசி எடுக்கப் போன நேரத்தில் தனியாக இருந்த வில்லி சுவரைப் பார்த்து எழுத ஆரம்பித்ததுதான் 'ஹலோ வால்ஸ்'. ஆள் இல்லாத வீட்டில் சுவரோடும் ஜன்னலோடும் பேசுகிற ஒருவனின் பாட்டு. பாடகர் ஃபாரன் யங் 1961ல் அதைப் பாடினார், கன்ட்ரி பட்டியலில் 9 வாரம் முதலிடத்தில் நின்றது, பாப் பட்டியலிலும் ஏறியது. பாட்டு ஏறுவதற்கு முன்பே பணமுடையில் அதையும் விற்றுவிட வில்லி தயாராக இருந்தார். யங் வாங்க மறுத்துக் கடன் கொடுத்து அனுப்பினார். முதல் ராயல்டி காசோலை வந்ததும் வில்லி டூட்ஸிஸுக்குப் போய் யங்கைப் பிடித்து வாயில் முத்தம் கொடுத்தார் என்பது நாஷ்வில்லில் எல்லோரும் சொல்லும் கதை.

அதே வருஷம் வில்லி எழுதி, பாடகி பேட்ஸி க்ளைன் பாடிய 'க்ரேஸி'. மூன்று கார்டுக்குள், அதாவது மூன்று சுரக்கூட்டுக்குள், முடிந்துவிடும் வழக்கமான கன்ட்ரி மெட்டு கிடையாது அது, வளைந்து நெளிந்து எதிர்பாராத இடங்களில் திரும்பும், ஜாஸ் கேட்டு வளர்ந்த காது எழுதிய மெட்டு. பேட்ஸிக்கு முதலில் பிடிக்கவில்லை. வில்லி பாடி அனுப்பியிருந்த டெமோவில், அதாவது மாதிரிப் பதிவில், வரிகள் தாளத்துக்கு முன்னும் பின்னும் அலைந்தன, அதை அப்படியே பாட முயன்று அவருக்குச் சலித்துவிட்டது. போதாததற்கு அந்த ஜூன் மாதம்தான் ஒரு கோரமான கார் விபத்தில் அடிபட்டிருந்தார், விலா எலும்பு வலியில் உயர்ந்த சுரங்களைப் பிடிக்க மூச்சு பற்றவில்லை. தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி வாத்தியங்களை மட்டும் பதிவு செய்து வைத்துக்கொண்டார், சில வாரம் கழித்து பேட்ஸி வந்து, வில்லி மாதிரி பாடுவதை விட்டுவிட்டுத் தன் வழியில் தாளத்தோடு நேராகப் பாடினார். கன்ட்ரியில் 2ஆம் இடம், பாப்பில் 9ஆம் இடம். பாட்டு ஒன்று, மெட்டு ஒன்று, எழுதியவர் பாடியபோது குழப்பமாகத் தெரிந்தது, இன்னொருவர் பாடியபோது காலத்துக்கும் நிற்கிறது. நாஷ்வில் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் தெளிவானது: இவரிடம் பாட்டு வாங்கு, குரலை வேறு இடத்தில் தேடு.

குரலை வேண்டாம் என்றதற்குக் காரணம் யாருடைய கெட்ட எண்ணமும் கிடையாது, அந்த ஊர்த் தொழில் அப்படி அமைந்திருந்தது. ஐம்பதுகளில் ராக் அண்ட் ரோல் வந்து கன்ட்ரி விற்பனையை அடித்துப் போட்டது. அதிலிருந்து மீள, ஓவன் பிராட்லியும் ஆர்சிஏ கம்பெனியின் செட் அட்கின்ஸும் கிராமத்து வாடையைக் குறைத்து, ஃபிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் பின்னுக்குத் தள்ளி, வயலின் கூட்டத்தையும் பின்பாட்டுக்காரர்களையும் கொண்டுவந்து, நகரத்துக் காதுக்கும் இதமாக இருக்கும் ஓசையை உருவாக்கினார்கள். 'நாஷ்வில் சவுண்ட்' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. தொழிற்சங்க விதிப்படி ஒரு பதிவு 3 மணி நேரம், அதற்குள் மூன்று நான்கு பாட்டு முடிய வேண்டும். அதனால் பாடகரோடு ஊர் ஊராகப் போகும் பேண்ட் ஸ்டுடியோவுக்குள் வராது, ஸ்டுடியோவுக்கென்றே தேர்ந்த ஒரு சிறு குழு இருந்தது, காலையில் ஒருவருக்கும் மதியம் இன்னொருவருக்கும் ராத்திரி வேறொருவருக்கும் வாசிப்பார்கள். அபாரமான கலைஞர்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எந்தப் பாட்டு, எந்த வாத்தியம், எவ்வளவு வயலின் என்பதெல்லாம் தயாரிப்பாளர் கையில். இப்படி ஓர் ஏற்பாட்டுக்குள் தாளத்தோடு விளையாடிக்கொண்டே பாடுகிற ஒருவரைக் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன ஆகும்? வயலின் கூட்டம் எழுதி வைத்த சுரத்தை வாசிக்கும், அவருக்காகக் காத்திருக்காது. பின்பாட்டுக்காரர்கள் அவர் எப்போது வரியை எடுப்பார் என்று தெரியாமல் விழிப்பார்கள். சின்ன இடம் கிடைத்தால் விளையாடும் குரல் அது, அந்த இடத்தைத்தான் வயலின்கள் அடைத்துக்கொண்டிருந்தன.

1962ல் லிபர்ட்டி கம்பெனிக்காகப் பாடியதில் இரண்டு பாட்டுகள் கன்ட்ரி முதல் பத்துக்குள் வந்தன. அதோடு சரி. அறுபதுகளின் நடுவில் செட் அட்கின்ஸ் அவரை ஆர்சிஏவுக்கு எடுத்தார், அட்கின்ஸே பெரிய கிட்டார் மேதை, வில்லியின் பாட்டுகள் மேல் அவருக்கு மரியாதையும் இருந்தது, ஆல்பம் ஆல்பமாக வெளிவந்தது, பெரிய வெற்றி ஒன்றுகூட வரவில்லை. அந்தப் பதிவுகளை இன்று கேட்டால் எனக்கு வருத்தம்தான் வருகிறது. நல்ல பாட்டு, நல்ல குரல், நல்ல வாசிப்பு, மூன்றும் ஒரே அறையில் இருந்தும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவே இல்லை.

இத்தனை வருஷமும் அவரைக் காப்பாற்றியவை இரண்டு. ஒன்று, மற்றவர்கள் பாடிய பாட்டுகளின் ராயல்டி. பேண்டோடு சுற்றுவதில் விழுந்த நஷ்டத்தை அந்தப் பணம்தான் ஈடுகட்டியது. இன்னொன்று, டெக்சாஸின் நடனக் கொட்டகைகள். நாஷ்வில்லில் யாரும் கண்டுகொள்ளாத பாடகர் டெக்சாஸில் எந்தச் சனிக்கிழமையும் ஒரு கொட்டகையை நிரப்புவார். அங்கே ஜனங்கள் ஆட வருகிறவர்கள், சின்ன பேண்ட், வயலின் கூட்டம் கிடையாது, பாடகர் வரியைப் பின்னால் இழுத்தால் பேஸும் டிரம்ஸும் ஆட்டத்துக்குரிய அடியைப் பிடித்துக்கொள்ளும். அவருடைய பாணிக்கு இடம் கொடுத்த ஒரே மேடை அதுதான். 1969ல் ஹெலோட்டஸ் என்ற ஊரில் ஒரு கொட்டகையில் குடிபோதையில் ஒருவர் அவருடைய கிட்டாரை மிதித்து உடைத்துவிட்டார். பழுது பார்க்க நாஷ்வில்லுக்கு அனுப்பினார், சரிசெய்ய முடியாது என்று பதில் வந்தது, மாற்றாக ஒரு மார்ட்டின் கிட்டார் இருக்கிறது, 750 டாலர் என்றார்கள், பார்க்காமலேயே வாங்கினார். நைலான் தந்தி போட்ட, விரலால் மீட்ட வேண்டிய கிளாசிக்கல் கிட்டார் அது. அதற்குள் பழைய கிட்டாரின் பிக்கப்பை, அதாவது ஒலிவாங்கும் கருவியை, பொருத்தி, பிக் என்ற சின்ன மீட்டுத் தகட்டை வைத்து அடித்து அடித்து, நாளடைவில் பலகையில் ஒரு பெரிய ஓட்டையே விழுந்துவிட்டது. ட்ரிகர் என்று பெயர் வைத்தார், திரைப்படக் கௌபாய் ராய் ராஜர்ஸின் குதிரைப் பெயர். அரை நூற்றாண்டு கடந்தும் அதே கிட்டார்தான்.

எழுபதுகள் தொடங்கும் நேரத்தில், ஒரு கிறிஸ்துமஸை ஒட்டி, நாஷ்வில்லுக்குப் பக்கத்தில் ரிட்ஜ்டாப்பில் இருந்த அவர் வீடு எரிந்துபோனது. எரியும் வீட்டுக்குள் ஓடிப்போய் அவர் வெளியே கொண்டுவந்தவை ட்ரிகரும், ஒளித்து வைத்திருந்த கஞ்சாப் பொட்டலமும். இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். வீடு கட்டி முடியும்வரை என்று டெக்சாஸுக்குப் போனவர், மனதளவில் திரும்பவே இல்லை.

1972ல் ஆஸ்டினில் குடியேறினார். பல்கலைக்கழக நகரம், மாணவர்கள், நீண்ட முடி வைத்த ஹிப்பிகள், மலிவான வாடகை. பழைய ராணுவக் கிடங்கு ஒன்றை அர்மடில்லோ வேர்ல்ட் ஹெட்குவார்ட்டர்ஸ் என்ற பெயரில் இசைக்கூடமாக நடத்திக்கொண்டிருந்தார்கள். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஹிப்பிகளும் கன்ட்ரி கேட்கும் உழைக்கும் வர்க்கத்து ஆட்களும் ஒரே அறையில் இருந்தால் கைகலப்பு வரும் என்பது பொதுவான எண்ணம். ஆகஸ்டில் வில்லி அங்கே பாடினார், இரண்டு கூட்டமும் வந்தது, சண்டை வரவில்லை. முடி வளர்த்தார், தாடி விட்டார், கோட்டும் டையும் போய் ஜீன்ஸும் தலையில் பந்தானாவும் வந்தன. இதை வேஷமாற்றம் என்று எழுதுகிறவர்கள் உண்டு, என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மாறியது உடுப்பு, பாட்டு அதே பாட்டு. 20 வயதுக்காரர்கள் ராக்கும் ஜாஸும் கேட்டுப் பழகியிருந்தார்கள், பாடகர் தாளத்தை விட்டு விலகுவது அவர்களுக்குக் குறையாகத் தெரியவில்லை. கேட்கும் காதுகள் அப்போதுதான் வந்து சேர்ந்தன.

அடுத்தது ஒப்பந்தம், என் பார்வையில் கதையின் நடு முடிச்சு. அட்லாண்டிக் கம்பெனியில் ஜெர்ரி வெக்ஸ்லர் என்ற தயாரிப்பாளர் அவரை அவர் போக்கில் விட்டார், 1973லும் 1974லும் இரண்டு அருமையான ஆல்பங்கள் வந்தன, ஆனால் அந்தக் கம்பெனி தன் கன்ட்ரி பிரிவையே மூடிவிட்டது. அப்போது அவருக்கு மேலாளராக இருந்தவர் நீல் ரெஷன் என்ற நியூயார்க்காரர். ஏற்கெனவே வேலன் ஜென்னிங்ஸ் என்ற கன்ட்ரி பாடகருக்காக ஆர்சிஏவோடு மல்லுக்கட்டி, யாரோடு வாசிப்பது, எப்படிப் பதிவு செய்வது என்பதைப் பாடகரே முடிவு செய்யலாம் என்று எழுதி வாங்கியிருந்தார். அதே உரிமையை வில்லிக்காக கொலம்பியா ரெக்கார்டு கம்பெனியிடம் வாங்கினார். நாஷ்வில்லில் அபூர்வமான நிபந்தனை: நான் கொடுப்பதை நீங்கள் அப்படியே வெளியிட வேண்டும்.

அந்த உரிமையோடு டல்லாஸுக்குப் பக்கத்தில் கார்லண்ட் என்ற ஊரில், ஒரு சின்ன ஸ்டுடியோவில், சொந்த பேண்டோடு, சில நாளில், மிகக் குறைந்த செலவில் பதிவு செய்ததுதான் 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்'. மனைவியையும் அவள் காதலனையும் கொன்றுவிட்டு ஊர் ஊராக அலையும் ஒரு பாதிரியின் கதையை ஆல்பம் முழுக்கச் சொல்கிறது. தலைப்புப் பாட்டு பழையது, ரேடியோ அறிவிப்பாளராக இருந்த காலத்தில் குழந்தைகள் தூங்கும் நேரத்துக்கு ஒலிபரப்பியது, வீட்டில் தன் பிள்ளைகளுக்கும் பாடியது. இதையே ஏன் பெரிய கதையாக்கக் கூடாது என்று அப்போதைய மனைவி கானி கேட்க, கொலராடோவிலிருந்து ஆஸ்டினுக்குக் கார் ஓட்டி வரும் வழியில் மீதியை யோசித்து முடித்தார். கிட்டார், அக்கா பாபியின் பியானோ, மிக்கி ரஃபேலின் ஹார்மோனிகா, ரொம்பவும் அடங்கிய டிரம்ஸ், பல இடங்களில் வெறும் குரலும் கிட்டாரும். கொலம்பியா அதிகாரிகள் கேட்டுவிட்டு இது டெமோ தானே, எப்போது முழுதாக முடிப்பீர்கள் என்ற தொனியில் பேசினார்கள். ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லாவிட்டால் அதன் மேல் வயலின் ஏறியிருக்கும், நமக்கு இந்த ஆல்பம் கிடைத்திருக்காது. 1975ல் வெளிவந்தது, கன்ட்ரி ஆல்பம் பட்டியலில் முதலிடம். அதிலிருந்து 'ப்ளூ ஐஸ் க்ரையிங் இன் த ரெயின்', ஃப்ரெட் ரோஸ் நாற்பதுகளில் எழுதிய பழைய பாட்டு, பாடகராக வில்லியின் முதல் நம்பர் ஒன் ஆனது, கிராமி விருதும் வாங்கித் தந்தது. அடுத்த வருஷம் ஆர்சிஏ அவருடைய, வேலன் ஜென்னிங்ஸுடைய, இன்னும் இருவருடைய பதிவுகளைத் தொகுத்து 'வான்டட்! த அவுட்லாஸ்' என்று வெளியிட, பத்து லட்சம் விற்றதற்கான பிளாட்டினம் சான்று பெற்ற முதல் கன்ட்ரி ஆல்பம் அது. 'அவுட்லா' என்றால் சட்டத்தை மீறியவன். அவர்கள் மீறியது நாஷ்வில் ஸ்டுடியோ வழக்கத்தை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். எழுத்தாளராக அவர் பாட்டுகள் மற்றவர் குரலில் ஓடின, பாடகராக அவர் குரல் மற்றவர் பாட்டில் ஓடியது. 1978ல் ஹோகி கார்மைக்கேல், ஜார்ஜ் கெர்ஷ்வின் காலத்துப் பழைய ஜாஸ், பாப் பாட்டுகளை மட்டும் வைத்து 'ஸ்டார்டஸ்ட்' ஆல்பம் போட்டார், தயாரித்தவர் மெம்ஃபிஸ் சோல் இசையில் பேர்போன புக்கர் டி ஜோன்ஸ். கன்ட்ரி ரசிகர்கள் இதை யார் கேட்பார்கள் என்று கம்பெனி தயங்கியது. அது கன்ட்ரி பட்டியலில் 10 வருஷம் போலத் தங்கியிருந்தது. 1982ல் 'ஆல்வேஸ் ஆன் மை மைண்ட்', 1983ல் மெர்ல் ஹாகர்டோடு 'பாஞ்சோ அண்ட் லெஃப்டி', எல்லாம் வேறு யாரோ எழுதியவை. 1980ல் வந்த 'ஆன் த ரோட் அகெய்ன்' அவர் சொந்தமாக எழுதியது, நம்பர் ஒன்னும் ஆனது, ஆனாலும் கணக்குப் போட்டால் அடுத்தவர் பாட்டுகள்தான் அதிகம். ஏன் இப்படி? வரியை எங்கே எடுப்பது, எங்கே நிறுத்துவது, எந்தச் சொல்லை விழுங்குவது என்று அவர் பாடும்போதே முடிவு செய்கிறார், அதுவும் இசையமைப்புதான் என்பது என் கருத்து. ஆயிரம் பேர் பாடிய பாட்டை அவர் பாடினால் இப்போதுதான் எழுதியது மாதிரி கேட்கிறது. பேட்ஸி க்ளைனைச் சலிக்க வைத்த அதே பழக்கம்.

1985 ஜூலையில் லைவ் எய்ட் என்ற நிதி திரட்டும் கச்சேரி மேடையில், எத்தியோப்பியாவுக்குத் திரட்டும் பணத்தில் கொஞ்சத்தை அமெரிக்க விவசாயிகளின் கடனுக்குக் கொடுக்கலாமே என்று பாப் டிலன் சொன்னதை வில்லி பிடித்துக்கொண்டார். வட்டி எகிறி, நில மதிப்பு விழுந்து, குடும்ப விவசாயிகளின் நிலங்கள் ஏலத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம். பாடகர்கள் நீல் யங், ஜான் மெலன்காம்ப் ஆகியோரோடு சேர்ந்து செப்டம்பர் 22ல் இல்லினாய் மாநிலத்து ஷாம்பேனில் முதல் ஃபார்ம் எய்ட் கச்சேரி நடந்தது. அதோடு விடவில்லை, விவசாயிகளை அழைத்துக்கொண்டு நாடாளுமன்றக் குழு முன்னால் போய்ப் பேசினார்கள், 1987ல் விவசாயக் கடன் சட்டம் வந்தது. அந்தக் கச்சேரி இன்னும் தொடர்கிறது. பருத்திக்காட்டில் வேலை செய்து வளர்ந்தவர் என்பதால் இது ஒரு நாள் தர்மமாக முடியவில்லை என்று நம்புகிறேன்.

1990 நவம்பரில் வருமான வரித் துறை அவருடைய ஸ்டுடியோ, பண்ணை, நிலம் எல்லாவற்றுக்கும் பூட்டுப் போட்டது. வரிச்சலுகை கிடைக்கும் என்று ஆலோசகர்கள் சொன்ன முதலீடுகளை அதிகாரிகள் ஏற்கவில்லை, வட்டியும் அபராதமும் சேர்த்து 1 கோடியே 60 லட்சம் டாலருக்கு மேல் பாக்கி. திவால் அறிவிப்பு கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. அதிகாரிகள் வருவதற்குள் மகள் லானா ட்ரிகரை ஹவாய்க்கு அனுப்பிவிட்டார். ஏலத்துக்கு வந்த சொத்துகளில் சிலவற்றை நண்பர்களும் ரசிகர்களும் அவருக்காக வாங்கி வைத்தார்கள். அப்புறம் வரித் துறையோடு பேசி, அந்தக் கடனை அடைக்கவென்றே ஓர் ஆல்பம் வெளியிட்டார், 'த ஐஆர்எஸ் டேப்ஸ்' என்று வரித் துறையின் பெயரையே வைத்து, தொலைக்காட்சி விளம்பரம் மூலம் தொலைபேசியில் விற்றார்கள். 1993ல் கணக்கு தீர்ந்தது. அதே வருஷம் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேமிலும் சேர்த்தார்கள். அந்த ஆல்பத்தில் இருப்பது அவருடைய பழைய பாட்டுகள், பேண்ட் இல்லாமல், ஒரு குரலும் ஒரு கிட்டாரும் மட்டும். அறுபதுகளில் மூன்று மணி நேரத்துக்குள் வயலினுக்கு அடியில் புதைத்த பாட்டுகள் சிலவற்றை அதில் தனியாகக் கேட்கலாம்.

2022ல் அக்கா பாபி 91 வயதில் இறந்தார், ஐம்பது வருஷத்துக்குக் கிட்டத்தட்ட அவர் பக்கத்தில் உட்கார்ந்து பியானோ வாசித்தவர். 2023ல் வில்லி 90 வயதைத் தொட்டார், ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் பெயர் சேர்ந்தது, மேடையை விடவில்லை.

எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது என்று கேட்டால், புகழ்பெற்ற ஆல்பங்களுக்கு முன்னால் ஒரு சின்னத் தொகுப்பைச் சொல்வேன். பாம்பர் மியூசிக்கில் சம்பளத்துக்கு எழுதிக்கொண்டிருந்த காலத்தில், மற்ற பாடகர்களுக்குப் பாட்டை விற்பதற்காகப் பாடிக் கொடுத்த டெமோக்கள், அலமாரியில் கிடந்தவை, 2003ல் 'க்ரேஸி: த டெமோ செஷன்ஸ்' என்று வெளிவந்தன. சிலவற்றில் அவரும் கிட்டாரும் மட்டும். அதைக் கேட்டுவிட்டு உடனே 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்' போடுங்கள். குரலில் கொஞ்சம் வயது கூடியிருக்கும், அவ்வளவுதான். வரியைப் பின்னால் இழுப்பது, முன்னால் ஓடுவது, சுற்று முடியும் இடத்தில் சரியாக வந்து நிற்பது எல்லாம் அந்த டெமோக்களிலேயே இருக்கிறது.